5, 12, 13: கொச்சங்காடியில் ஒரு முக்கோணம்

(கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள கொச்சங்காடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம் எதை எடுத்தாலும் முக்கோணவியல் பாடத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கும். டேன் தீட்டா 5/12. தீட்டா மூன்றாம் கால்பகுதியில் உள்ளது. மற்ற ஐந்து சார்புகளின் மதிப்புகளைக் காண்க. இரண்டு மதிப்பெண், மிஞ்சினால் மூன்று. பிள்ளைகள் மளமளவென்று ஒரு செங்கோண முக்கோணம் வரைவார்கள். எதிர்ப்பக்கம் 5, அடுத்துள்ள பக்கம் 12. இருபத்தைந்தும் நூற்று நாற்பத்து நான்கும் சேர்ந்தால் 169, ஆகவே கர்ணம் 13. சைன் 5/13, கொசைன் 12/13 என்று எழுதிக் கோடு போட்டுவிடுவார்கள். அங்கேதான் மதிப்பெண் போகும். மூன்றாம் கால்பகுதியில் சைனும் குறை, கொசைனும் குறை. விடை சைன் −5/13, கொசைன் −12/13. அதையொட்டி கொசீக்கண்ட் −13/5, சீக்கண்ட் −13/12. கோடேன்ஜெண்ட் மட்டும் 12/5 என்று மிகையாகவே நிற்கும்.

"தீட்டா மூன்றாம் கால்பகுதியில் உள்ளது" என்ற அந்த அரை வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வினாத்தாள் போடுகிறவர் மாணவரை மடக்குவதற்காகச் சேர்த்த வரி என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. முக்கோணவியலை வயிற்றுப்பாட்டுக்காகவும் வழிபாட்டுக்காகவும் பயன்படுத்தியவர்களுக்குக் கணக்கே அந்த அரை வரியில்தான் இருந்தது. விகிதத்தை ஒரு குச்சி கொடுத்துவிடும். கால்பகுதியை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் கொச்சங்காடியை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1341-ல் பெரியாற்றில் வெள்ளம் வந்து கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சி அழிமுகம் அகலமாகத் திறந்துகொண்டது என்பார்கள். கொடுங்கல்லூரிலிருந்து இடம்பெயர்ந்த யூதர்கள் 1344-ல் இந்தக் கொச்சங்காடியில் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். அந்தக் கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டைப் பக்கத்தில் யூதத் தெருவிலுள்ள பரதேசி சினகாக்கின் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். அதே பத்தாண்டில்தான், ஏறத்தாழ 1340-ல், சங்கமகிராமத்து மாதவன் பிறந்தான். சங்கமகிராமம் என்பது இன்றைய திருச்சூர் மாவட்டத்து இரிஞாலக்குடா என்பது பெரும்பாலோர் கருத்து. கொச்சிக்குத் துறைமுகம் கிடைத்ததும் கேரளத்துக்கு அதன் தலைசிறந்த கணிதன் கிடைத்ததும் ஒரே சமயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். கொச்சங்காடிக்கு இன்னொரு முகமும் உண்டு: செம்புக் கூரை வேய்ந்த செம்பிட்ட பள்ளி என்ற பள்ளிவாசல். யூதர்களும் முஸ்லிம்களும் பஞ்சாங்கக்காரர்களும் ஒரே சூரியனை அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்ட தெருக்கள் இவை.

முதலில் குச்சியை நட்டுவிடுவோம். நம் பழைய வானநூல்களில் சங்கு என்று சொல்கிற முளைக்குச்சி 12 அங்குலம். இங்கே அங்குலம் என்பது விரற்கடை. 12 விரற்கடை சேர்ந்தால் ஒரு சாண். சமதரையில் செங்குத்தாக நட்டு, சரியான உச்சி நேரத்தில் நிழலை அளக்க வேண்டும். நிழல் 5 அங்குலம் என்றால் குச்சி நுனியிலிருந்து நிழல் நுனிக்கு உள்ள தூரம் 13. போதாயன சுல்ப சூத்திரம் எடுத்துக்காட்டும் செங்கோணச் சோடிகளில் 12-ம் 5-ம் ஒன்று. ஆக நம் பாடப்புத்தகத்து முக்கோணம் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைய ஆள்தான்.

கொச்சங்காடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 57 கலையில் இருக்கிறது. இரவும் பகலும் சமமான நாளில், அதாவது மார்ச் 21-ஐ ஒட்டியும் செப்டம்பர் 23-ஐ ஒட்டியும், உச்சி நேரத்து நிழல் 2 அங்குலமும் இன்னும் பத்தில் ஒரு பங்கும் இருக்கும். இதை விஷுவ நிழல் என்பார்கள். இந்த ஊருக்குரிய எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடையாள எண். இந்த ஒரு விகிதம் கையில் இருந்தால் ஊரின் அட்சரேகைக்குரிய சைன், கொசைன் எல்லாம் கர்ணத்தைக் கண்டு வகுப்பதோடு சரி. இங்கே குறிச் சிக்கல் இல்லை. ஊர் நகராது, கொச்சி வடக்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சூரியன் நகரும். சிக்கல் அங்கேதான் வருகிறது.

டிசம்பர் 22 வாக்கில் கொச்சங்காடியில் உச்சி நேரத்து நிழல் மிக நீளம், 7.9 அங்குலம், வடக்கு நோக்கி விழும். அதன்பின் குறைந்துகொண்டே வந்து மார்ச்சில் 2.1 ஆகும். இன்னும் குறையும். ஏப்ரல் நடுவில், விஷுவையும் நம் சித்திரைப் பிறப்பையும் ஒட்டி, சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். குச்சிக்கு நிழலே இராது. அதற்குப்பின் நிழல் தெற்கே விழத் தொடங்கும். ஜூன் 21 வாக்கில் தெற்கே 2.9 அங்குலம் வரை போய்த் திரும்பும். ஆகஸ்டு கடைசியில் மறுபடி நிழலற்ற நாள். செப்டம்பரில் வடக்கே 2.1. பிறகு டிசம்பர் வரை வளர்ச்சி.

இப்போது ஒரு நாள் உச்சியில் நிழலை அளக்கிறீர்கள். வடக்கே சரியாக 5 அங்குலம். இன்று சூரியன் ராசிச் சக்கரத்தில் எங்கே நிற்கிறது?

5/12 என்ற விகிதத்திலிருந்து சூரியன் உச்சிப் புள்ளியை விட்டு 22.6 பாகை தெற்கே விலகியிருப்பது தெரிகிறது. அதில் ஊரின் அட்சரேகையைக் கழித்தால் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 12.7 பாகை. சூரியப் பாதையின் சாய்வு 23.4 பாகை. 12.7 பாகையின் சைனை 23.4 பாகையின் சைனால் வகுத்தால் 0.55. அதற்குரிய கோணம் ஏறத்தாழ 33.5 பாகை. இதுவரை கால்குலேட்டர் செய்யும். இதற்கு மேல்தான் நம் வேலை. இந்த 33.5 பாகையைச் சக்கரத்தில் நான்கு இடத்தில் வைக்கலாம்: 33.5, 146.5, 213.5, 326.5. எது?

பழைய வானநூலான சூரிய சித்தாந்தத்தின் மூன்றாம் அத்தியாயம் இதற்கு விதி சொல்கிறது. மேஷம் முதலான கால்பகுதியில் சூரியன் இருந்தால், வந்த கோணமே விடை. கடகம் முதலான கால்பகுதி என்றால் அரைச் சக்கரத்திலிருந்து கழி. துலாம் முதலானது என்றால் அரைச் சக்கரத்தோடு கூட்டு. மகரம் முதலானது என்றால் முழுச் சக்கரத்திலிருந்து கழி. இன்று நாம் கரும்பலகையில் எழுதுகிற 180 கழித்தல், 180 கூட்டல், 360 கழித்தல் மூன்றும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கால்பகுதிகளுக்கு நாம் எண் போடுகிறோம். அவர்கள் ராசியின் பெயரை வைத்தார்கள்.

ஆனால் சூரியன் துலாக் கால்பகுதியிலா மகரக் கால்பகுதியிலா என்பதை இன்றைய நிழல் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நேற்றைய நிழல் வேண்டும். நேற்றைவிட இன்று நிழல் நீண்டிருந்தால் சூரியன் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது: துலாம், 213.5 பாகை, அக்டோபர் 27-ஐ ஒட்டிய நாள். குறைந்திருந்தால் திரும்பி வந்துகொண்டிருக்கிறது: மகரம், 326.5 பாகை, பிப்ரவரி 15-ஐ ஒட்டிய நாள். நிழல் ஒன்றே, முக்கோணம் ஒன்றே, 5, 12, 13 ஒன்றே. இடையே நூற்றுப் பத்து நாளுக்கு மேல் வித்தியாசம். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் போவது இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கையில் நல்ல கடிகாரம் இருப்பவருக்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கும். கொச்சி நம் நாட்டுத் திட்ட நேரக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் இங்கே சராசரி உச்சி 12:25. ஆனால் பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்கி வருவதால் உச்சி 12:39 ஆகிவிடும். அக்டோபர் கடைசியில் முந்தி வந்து 12:09-க்கே உச்சி தட்டிவிடும். நேற்றைய நிழல் தெரியாதவர்கூட அரை மணி வித்தியாசத்தை வைத்துக் கால்பகுதியைச் சொல்லிவிடலாம். சித்தாந்த நூல்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிழல் 2.1-க்கு மேல் வடக்கே விழுந்தபோதே முதல் இரண்டு கால்பகுதிகள் கழன்றுவிட்டன. விகிதமே தன் குறியைச் சொல்லிவிட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு 'ஆமா, இல்லையா' கேள்விதான்: நிழல் வளர்கிறதா? பாடப்புத்தகத்திலும் இதே கதைதான். டேன் தீட்டா மிகை எண் என்று சொன்னதுமே இரண்டாம், நான்காம் கால்பகுதிகள் போய்விட்டன. மிச்சம் ஒன்றாவதா மூன்றாவதா என்பதுதான். ஆகவே "மூன்றாம் கால்பகுதி" என்று முழுசாகச் சொல்வது தேவைக்கு மேல். "சைன் குறை" என்று சொன்னாலே போதும். சில புத்தகங்கள் அப்படியும் கேட்கின்றன. அவை நல்ல புத்தகங்கள்.

நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதன் சின்ன உருவம் ஒன்று புழங்கியது. வயற்காட்டில் நின்றுகொண்டு நாழிகை பார்க்கிற முறை. பதினாறு விரற்கடைத் துரும்பு ஒன்றை எடுத்து, ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி, மறு பகுதியை நிமிர்த்தி, நிமிர்ந்ததன் நிழல் கிடந்ததன் நீளத்துக்குச் சரியாக வரும்வரை மடிப்பை நகர்த்துவார்கள். நிமிர்ந்து நிற்பது எத்தனை விரலோ அத்தனை நாழிகை. இதற்கு ஒரு பழம்பாட்டும் உண்டு, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து விரல் நின்றால் ஐந்து நாழிகை, சரி. எங்கிருந்து ஐந்து? முற்பகல் என்றால் சூரியன் உதித்து ஐந்து நாழிகை ஆயிற்று. பிற்பகல் என்றால் அடைய ஐந்து நாழிகை இருக்கிறது. துரும்புக்கு அது தெரியாது. பிடித்திருக்கிற ஆளுக்குத் தெரியும். எழுத்தறியாத உழவர்கள் கால்பகுதி பார்த்து விடை சொன்ன கணக்கு இது.

இனி அட்டவணைக்கு வருவோம். கி.பி. 499-ல் ஆரியபடன் கால்வட்டத்தை 24 சம பங்காக்கினான். ஒவ்வொரு பங்கும் 225 கலை, நம் கணக்கில் 3 பாகை 45 கலை. ஆரம் 3438. முதல் சைன் 225. எட்டாவது, அதாவது 30 பாகைக்குரியது, ஆரத்தில் சரிபாதி, 1719. இருபத்து நான்காவது 3438. அவ்வளவுதான் அட்டவணை. முழு வட்டத்துக்கு 96 எண் வேண்டியிருக்க, 24-ஐ வைத்துக்கொண்டு மீதி 72-க்குக் கால்பகுதி விதியைச் சொல்லிவிட்டார்கள். ஓலையில் எழுதி, வாயால் ஒப்பித்துக் காப்பாற்ற வேண்டிய காலத்தில் அது எவ்வளவு பெரிய மிச்சம்! மாதவன் மரபில் வந்த மலையாள நூலான யுக்திபாஷா இந்த விதியை நிதானமாக விளக்குகிறது. ஒன்றாம், மூன்றாம் பாதங்களில், அதாவது கால்பகுதிகளில், கடந்து வந்த வில் புஜம் (சைனுக்குரியது), கடக்க வேண்டியது கோடி (கொசைனுக்குரியது). இரண்டாம், நான்காம் பாதங்களில் இது தலைகீழ். குறிக்கும் தனி விதி உண்டு. மேஷம் முதல் ஆறு ராசியில் புஜத்துக்கு ஒரு குறி, துலாம் முதல் ஆறில் எதிர்க்குறி. கோடிக்கு மகரம் முதல் ஆறு, கடகம் முதல் ஆறு. சைன் எங்கே மாறுகிறது, கொசைன் எங்கே மாறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

மாதவன் இதே 24 எண்களையும் திருத்தி எழுதினான். அவனுக்கு ஆரம் 3437 கலை, 44 விகலை, 48 தற்பரை (60 தற்பரை ஒரு விகலை, 60 விகலை ஒரு கலை). முதல் சைன் 224 கலை, 50 விகலை, 22 தற்பரை. 225 என்று முழுதாக இருந்த எண்ணுக்கு விகலையும் தற்பரையும் சேர்த்த கை அது. எண்களைக் கடபயாதி முறையில் எழுத்துகளாக்கி, எழுத்துகளைப் பொருள்தரும் சொற்களாக்கிப் பாட்டாகவே கட்டி வைத்தான். அவன் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜி 1501-ல் தந்திரசங்கிரகம் எழுதினார். அதில் நிழலுக்கென்றே ஒரு தனி அத்தியாயம். ஜேஷ்டதேவர் 1530 வாக்கில் யுக்திபாஷாவை மலையாள உரைநடையில், நிரூபணங்களோடு எழுதினார். இவையெல்லாம் வெளியுலகுக்குத் தெரிய நாளாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரான சார்லஸ் விஷ் எழுதிய கட்டுரை 1830-களில் அச்சாகியும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1944-ல் முகுந்த மாராரும், பின்னாளில் சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநரான சி. டி. ராஜகோபாலும் மறுபடி எழுதினார்கள். 1948-ல் ராமவர்ம மரு தம்புரானும் அகிலேஸ்வர ஐயரும் யுக்திபாஷாவின் கணிதப் பகுதியை விளக்கத்தோடு திருச்சூர் மங்களோதயம் அச்சகத்தில் பதிப்பித்தார்கள். 2008-ல் கே. வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மலையாள மாதங்களுக்கு ராசிப் பெயரே பெயர். அதனால் மேடம் பிறந்ததும் மேஷக் கால்பகுதி பிறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நிழல் கணக்குக்கு வேண்டியது சம இரவுநாளிலிருந்து எண்ணுகிற ராசி. நாட்காட்டி ராசி அதற்கு இன்று ஏறத்தாழ 24 பாகை பின்தங்கியிருக்கிறது. மார்ச் 21-க்கும் விஷுவுக்கும் இடையே உள்ள மூன்று வாரச் சொச்சம் அதுதான். இந்த அயனாம்சத்தை முதலில் சேர்க்க வேண்டும் என்பது சித்தாந்தங்களிலேயே உண்டு. சோதிடம் பார்க்கிற நண்பர்கள் இதில் அடிக்கடி வழுக்குவார்கள். 

ஆரியபடனின் அட்டவணையில் இன்னொரு சங்கதி. அவன் கொடுத்தது சைன்களையே அல்ல, அடுத்தடுத்த சைன்களின் வித்தியாசங்களை. முதல் வித்தியாசம் 225. கடைசி வித்தியாசம் வெறும் 7. கால்வட்டத்தின் தொடக்கத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் சைன் 225 ஏறுகிறது. முடிவில் அதே ஒரு பங்குக்கு 7 மட்டுமே. கொச்சங்காடிக் குச்சியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சம இரவுநாளில் சூரியன் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ நான்கு நாள், நகர்ந்தால் நிழல் நுனி சுமார் 6 மில்லிமீட்டர் நகரும். டிசம்பர் 22-ஐ ஒட்டி அதே நான்கு நாளுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. இந்த டிசம்பர் எல்லையில் நிற்கும்போது நேற்றைய நிழலும் இன்றைய நிழலும் ஒன்றாகவே தெரியும். துலாமா மகரமா என்ற கேள்விக்கு விடையே வராது. வழி என்ன? எல்லைக்கு முன்னும் பின்னும் தள்ளிப்போய், சம நீள நிழல் விழுந்த இரண்டு நாள்களைக் குறித்து நடுவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகத்தில் "சைன் தீட்டா 1, தீட்டா எந்தக் கால்பகுதி" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம். எந்தக் கால்பகுதியிலும் இல்லை, எல்லையில் இருக்கிறது என்ற விடையைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

இப்போது செம்பிட்ட பள்ளிப் பக்கம் வருவோம். தொழுகைக்கு மக்காவை நோக்கி நிற்க வேண்டும். கொச்சியிலிருந்து மக்கா எந்தத் திசை? "மேற்கே" என்று பொதுவாகச் சொல்வோம். கணக்கு என்ன சொல்கிறது? மக்காவின் அட்சரேகை 21 பாகை 25 கலை. தீர்க்கரேகை நமக்கு மேற்கே ஏறத்தாழ 36 பாகை 25 கலை. கோள முக்கோணவியல் வாய்பாட்டில் போட்டால் திசையின் மேற்குக் கூறுக்கும் வடக்குக் கூறுக்கும் உள்ள விகிதம் 2.40 என்று வருகிறது. 2.40 என்றால் 12/5. போட்டு முடித்ததும் நானே ஒரு நிமிடம் நம்பவில்லை. மறுபடி போட்டேன், அதேதான். கொச்சங்காடியில் நின்று மேற்கே 12 அடி, பிறகு வடக்கே 5 அடி வைத்தால், புறப்பட்ட இடத்திலிருந்து நின்ற இடம் மக்காவின் திசை. நேர்கோட்டில் 13 அடி. இதில் அதிசயம் ஏதும் இல்லை, தற்செயல். கோழிக்கோட்டுக்குப் போனால் இவ்வளவு அழகாக வராது. ஆனால் கொச்சங்காடிக்குத் தானாக அமைந்த ஒரு கணக்கை விட்டுவிட மனம் வருமா?

வரைபடத் தாளில் போடுங்கள். கிழக்கு எக்ஸ் அச்சு, வடக்கு ஒய் அச்சு. மக்காத் திசையில் எக்ஸ் −12, ஒய் 5. இரண்டாம் கால்பகுதி. சைன் 5/13, கொசைன் −12/13, டேன் −5/12. கோணம் 180-ல் 22.6 போக 157.4 பாகை. இப்போது கால்குலேட்டரை எடுத்து, டேன் −5/12 ஆகிற கோணம் எது என்று கேளுங்கள். −22.6 என்று சொல்லும். அது நான்காம் கால்பகுதி. அந்தத் திசையில் நேராகப் போனால் இலங்கையில் அநுராதபுரம் பக்கம் போய்ச் சேருவீர்கள். கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. −90-க்கும் 90-க்கும் நடுவிலுள்ள கோணத்தை மட்டும்தான் அது தரும். அப்படித்தான் அதை வகுத்திருக்கிறார்கள். குறை எண்ணை மிகை எண்ணால் வகுத்தாலும் மிகை எண்ணைக் குறை எண்ணால் வகுத்தாலும் வகுத்த பிறகு ஒரே குறைதான். எந்தக் குறி மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்ற செய்தி வகுத்தலில் அழிந்துபோகிறது. விகிதம் மட்டும் கையில் இருந்தால் மக்காவுக்கு முகம் காட்டுவதும் முதுகு காட்டுவதும் ஒன்றுதான்.

இந்தக் கணக்கு சாமானியப்பட்டதல்ல. வானநூலறிஞர் அல்பிரூனி 1025-ல் முடித்த ஒரு முழு நூலே கஸ்னி நகரத்தின் கிப்லாவை, அதாவது மக்காத் திசையை, கணிப்பதற்காக எழுதப்பட்டது. அது போகட்டும். இன்றைக்குக் கணினி நிரல் எழுதுகிற பிள்ளைகள் 'ஏடேன் டூ' என்ற சார்பைப் பயன்படுத்துவார்கள். ஃபோர்ட்ரான் காலத்திலிருந்து புழக்கத்தில் இருப்பது. சாதாரண 'ஏடேன்' விகிதம் ஒன்றைக் கேட்கும். 'ஏடேன் டூ' வகுக்காத இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டின் குறியையும் பார்த்து, சரியான கால்பகுதியில் கோணத்தைத் தரும். உங்கள் கைபேசியில் கிப்லா காட்டுகிற செயலி வேலை செய்வதும் இந்த வகைக் கணக்கில்தான். நில அளவைக்காரர்கள் இதையே வேறு விதமாகக் கையாண்டார்கள். 'வடக்கிலிருந்து மேற்காக 67 பாகை' என்று கோணத்தோடு இரு திசையையும் சேர்த்தே புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். திசை எழுதாத கோணம் அவர்கள் புத்தகத்தில் செல்லாது.

ஆசிரியர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நம் வகுப்பறைகளில் குறிகளுக்கு ஒரு மந்திரம் இருக்கிறது. 'ஆல் சில்வர் டீ கப்ஸ்'. முதல் கால்பகுதியில் எல்லாம் மிகை, இரண்டில் சைன், மூன்றில் டேன், நான்கில் காஸ். மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். மாதவனே மனப்பாடத்துக்காகத்தான் எண்ணைப் பாட்டாக்கினான். ஆனால் அவன் மரபில் பாட்டோடு நின்றுவிடவில்லை, பின்னாலேயே யுக்திபாஷா என்ற காரணப் புத்தகமும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு வெள்ளித் தேநீர்க் கோப்பை மட்டும் கிடைக்கிறது, காரணம் கிடைப்பதில்லை. காரணம் மிகச் சின்னது. கர்ணம் என்பது தூரம், ஆகவே எப்போதும் மிகை. கொசைனின் குறி எக்ஸின் குறி, சைனின் குறி ஒய்யின் குறி. இவ்வளவுதான். இது தெரிந்த பிள்ளைக்குத் தேநீர்க் கோப்பை வேண்டியதில்லை. தெரியாத பிள்ளை கோப்பையை வைத்துக்கொண்டும் சீக்கண்டுக்கு என்ன குறி என்று திருதிருவென்று விழிக்கும்.

முக்கோணத்தை வரைகிறபோதே −12 என்று பக்கத்துக்குக் குறை எண் போடுகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. முக்கோணம் வரைவது தனி வேலை, அதை அச்சில் கொண்டுபோய் வைப்பது தனி வேலை என்று பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். சைனிலிருந்து கொசைனை எடுக்கும்போது ஒன்றிலிருந்து வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கிறோமே, அங்கே மிகையா குறையா என்ற இரண்டு குறியையும் பலகையில் எழுதிவிட்டு, இதில் எது என்று வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள். நீங்களே அழித்து ஒன்றை வைக்காதீர்கள்.

அடுத்த தேர்வுத் தாளில் ஒரு கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 12 அங்குலக் குச்சி; கொச்சியில் நேற்று உச்சி நிழல் வடக்கே ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம்; இன்று சரியாக ஐந்து; சூரியன் எந்தக் கால்பகுதியில் இருக்கிறது? கால்பகுதியைக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடுங்கள். முடிந்தால் தாளில் கேட்பதற்கு முன்னால், பிப்ரவரி நடுவில் அடுத்தடுத்து நாலைந்து நாள், 12:39-க்கு அவர்களைப் பள்ளி முற்றத்துக்குக் கூட்டிப் போய் ஒரு சாண் குச்சியை நட்டு அளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.